தச்சுச் சிற்பமும் குருகுலவாசமும்

முப்புரம் எரித்தற்பொருட்டுச் சிவபெருமான் எழுந்தருளிய காலத்து, தேவர்கள் அவர்க்கு ஒரு தேர் சமைத்தனர் என்பது புராண வரலாறு. நிலம் தேர்த்தட்டாயிற்று; ஞாயிறும் திங்களும் உருளைகளாயின; நான்மறைகள் குதிரைகளாயின; நான்முகன் பாகனாயினன். அத்தேரினைச் சமைத்தவன் தேவதச்சனாகிய விசுவகருமன் என்ப. விநாயகப் பெருமானை வழிபடாது புறப்பட்டமையால் அதன் அச்சு முறிந்தது என்றும், முறிந்த இடமே தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலமாகிய அச்சிறுபாக்கம் என்றும் தலவரலாறு கூறும். இவ்வரலாறு அன்பர்க்கு ஒரு பொருளையும், தச்சுத்தொழில் பயிலப் புகுவார்க்கு மற்றொரு பொருளையும் உணர்த்துவதாம். தொடக்கம் பிழைத்த தொழில், செய்வோர் தேவரேயாயினும், இடைவழியில் முறியும் என்பதே அம்மற்றைப் பொருள். ஆதலின், மரச்சிற்பம் பயிலும் இளையோர் தம் பயிற்சியை எங்ஙனம் தொடங்கினர், எவரிடத்து இருந்து பயின்றனர், அம்முறை காலத்தால் எங்ஙனம் மாறிற்று என்பவற்றை ஆராய்தல் சைவ மக்களாகிய நமக்குப் பெரிதும் உரியதாம்.

தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் இன்று பெரும்பாலும் கற்றளிகளாய் விளங்குதலின், கோயிற்கலை என்றவுடன் கல்லே நினைவிற்கு வரும். ஆயினும் கல்லுக்கு முற்பட்டது மரம். இதற்குக் கல்லே சான்று பகர்கின்றது. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், கி. பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு குடைவரை அமைத்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணம் இன்றி, பிரமன், ஈசுவரன், விட்டுணு ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என்று ஆங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனது விருதுப்பெயர். அவன் இவற்றை இன்றியே செய்தேன் எனச் சிறப்பித்துக் கூறியதனால், அவற்றைக் கொண்டு கோயில் எடுத்தலே அதற்குமுன் நாட்டு வழக்கு என்பது தானே போதரும். மாமல்லபுரத்து ஒற்றைக்கற்றளிகளை உற்று நோக்குவார்க்கும் இவ்வுண்மை புலனாம். அவற்றின் உத்தரங்களும், வளைந்த கபோதங்களும், கூடுகளும் மரத்தாற் சமைத்த உறுப்புக்களைக் கல்லிற் படியெடுத்தவையே. அவற்றுள் ஒன்று கூரை வேய்ந்த சிறுகுடிலின் வடிவாகவே நிற்கின்றது. தச்சன் கற்பிக்கக் கல்தச்சன் கற்றான் எனின் அது மிகையாகாது. தில்லைத் திருச்சிற்றம்பலம் பொன்வேய்ந்த மரக்கட்டடமாகவே நின்று இத்தொன்மையை இன்றும் காத்து வருகின்றது.

இனி, விசுவகரும மரபினர் ஐவகையினர் ஆவர். இரும்பிற்கு மனுவும், மரத்திற்கு மயனும், செம்பிற்குத் துவட்டாவும், கல்லிற்குச் சிற்பியும், பொன்னிற்கு விசுவஞ்ஞனும் முதல்வர் எனப்படுவர். கொல்லர், தச்சர், கன்னார், கற்றச்சர், தட்டார் என நாம் வழங்குவோர் அவ்வழியினரே. இவருள் மரத்தச்சர் திருக்கோயிற்குச் செய்யும் பணி பலதிறத்தது. கோபுரவாயிற் கதவுகளும், விடை, அதிகாரநந்தி, இராவணன் தாங்கும் கயிலாயம் முதலிய வாகனங்களும், தேர்களும் அவர் கைப்பட்டனவேயாம். பெருமான் வீதிக்கு எழுந்தருளும்போது அவனைத் தாங்குவது பெரும்பாலும் மரமே. கருவறைக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் அவர் வாயிலிலேயே காட்சி தரும் பொருட்டு அவன் ஊர்ந்து வரும் இருக்கை அது.

அங்ஙனமாய பணியைப் புதிதாய்க் கற்கப் புகும் இளைஞன் செய்யத்தக்கது யாது? முதற்கண் அவன் ஆசிரியன் இல்லத்திற் சென்று உறைதல் வேண்டும். தொழிற்கூடமும் வீடும் ஒன்றாய் இருந்தமையின், உறைதல் வேறு, பயிறல் வேறு என்னும் பிரிவு அங்கில்லை. விடியலில் எழுந்து கூடத்தைப் பெருக்குதல், மரத்தூளையும் சீவலையும் அள்ளுதல், சாணைக்கல்லை நனைத்து உளிகளைத் தீட்டுதல் இவையே அவனது முதற்பாடம். உளிகளிலும் தட்டையான வாயுடையனவும், குழிந்த வாயுடையனவும், நுண்ணிய முனையுடையனவும் எனப் பல உள. எவ்வுளி எவ்விடத்திற்கு என்பதைத் தீட்டித்தீட்டியே அவன் கைகள் அறிந்துவிடும். மழுங்கிய உளியோடு மரத்தை அணுகுவோன் வலிமையைக் கூட்டுவான். வலிமை கூடிய இடத்து மரம் பிளக்கும். ஆதலாற் கூர்மை செய்தலே பொறுமை கற்றலாயிற்று. இதனைச் சைவநூல்வழி நோக்கின், திருக்கோயிலில் அலகிடலும் மெழுகலும் சரியை எனப்பட்டாற்போல, கூடத்தைப் பெருக்கலும் கருவி தீட்டலும் தச்சுக்கல்வியின் சரியை என்னலாம். சரியையைக் கடந்தோர் அதனை இழிவெனக் கருதார்.

அடுத்து அவன் அறிய வேண்டுவது மரம். உள்ளே வயிரம் உடையது மரம் எனவும், புறத்தே வயிரம் உடையது புல் எனவும் தொல்காப்பிய மரபியல் பகுத்துணர்த்தும். அவ்வகக்காழே சிற்பத்திற்கு உரியது, வெளிறு உதவாது. அடியும் நுனியும் ஒத்த பருமையுடையதனை ஆண்மரம் என்றும், அடி பருத்து நுனி சிறுத்ததனைப் பெண்மரம் என்றும், அடி சிறுத்து நுனி பருத்ததனை அலிமரம் என்றும் சிற்பநூல்கள் வகுக்கும். மரத்தை வெட்டுமுன் அதன்கண் உறையும் உயிர்களையும் பூதங்களையும் வணங்கி, வேறிடம் பெயருமாறு வேண்டிக்கொள்ளும் விதியும் அந்நூல்களில் உண்டு. பறவைக்கூட்டையும் கருதி வெட்டும் இவ்விதி, கொல்லாமையை உயிராகக் கொண்ட சைவத்திற்கு எத்துணை இயைந்தது! வெட்டிய மரம் நிழலில் நெடுநாட் கிடந்து ஈரம் புலர வேண்டும். புலராத மரத்திற் செதுக்கிய திருமுகம் பின்னாளில் வெடித்துவிடும். நார் ஓடும் போக்கை அறிந்து அதனோடு உளியை ஓட்டினால் மரம் இசையும். எதிர்த்து ஓட்டினால் பெயர்ந்து வரும். இலுப்பையும் தேக்கும் வேங்கையும் ஒரு தன்மையவல்ல. இவ்வேறுபாட்டை ஏடு சொல்லாது. கையே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கோடு. புதியோன் கையில் உடனே தெய்வ வடிவம் கொடுக்கப்படுவதில்லை. வளைகோடும், இலையும், கொடிக்கருக்கும், தாமரை இதழும் பன்முறை வரைந்தும் செதுக்கியும் பழகிய பின்னரே யாளியும் அன்னமும் அவனுக்கு வரும். அதன் பின்னர்த் தாலப்பிரமாணம். எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலம். உத்தம தசதாலம் நூற்றிருபத்து நான்கு அங்குலமும், மத்திம தசதாலம் நூற்றிருபது அங்குலமும், அதம தசதாலம் நூற்றுப்பதினாறு அங்குலமும் உடையன. சிவபெருமான் திருவுருவிற்கு முதலாவதும், தேவியர்க்கு இரண்டாவதும் உரியன என்ப. இவ்வங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. எடுத்துக்கொண்ட வடிவின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. ஆதலின் விரலளவான உருவத்திற்கும் ஆளுயர உருவத்திற்கும் விதி ஒன்றே. மாணவன் தன் விருப்பத்தை விதியினுள் அடக்கக் கற்பது இவ்விடத்தேதான்.

ஆசிரியன் கற்பிக்கும் முறையும் கருதத்தக்கது. அவன் நெடிது பேசுவதில்லை. மாணவன் செதுக்குவதை அருகிருந்து நோக்குவான். பிழைத்தவழி அவன் கைமேல் தன் கையை வைத்து உளியைச் சாய்த்துக் காட்டுவான். இன்றியமையாவிடத்து ஒரு சொற் சொல்வான். நயனம், பரிசம், வாசகம் என்னும் தீக்கைவகைகளை அறிந்தார்க்கு இது புதிதன்று. நோக்காலும் தொடுதலாலும் சொல்லாலும் குரு அறிவு கொளுத்துதல் ஞானத்திற்கே அன்றித் தொழிற்கும் பொதுவாயிற்று.

மரத்திற் செய்த யானையைத் திருமூலநாயனார் தம் திருமந்திரத்தே உவமையாக எடுத்தாண்டனர். யானை என்று காண்பார்க்கு மரம் தோன்றாது. மரம் என்று காண்பார்க்கு யானை தோன்றாது. உலகைக் காண்பார்க்கு இறை மறைதலும், இறையைக் காண்பார்க்கு உலகு மறைதலும் இங்ஙனமே என்பது கருத்து. இவ்வுவமை தச்சனை அறியாதார்க்குப் பாதியே விளங்கும். புதிய மாணவன் முதலில் மரத்தையே காண்கின்றான். அதன் கணு அவனை அச்சுறுத்துகின்றது. நாளடைவில் மரத்தினுள் யானையைக் காண்கின்றான். ஆசிரியனோ இரண்டனையும் ஒருங்கே காண்கின்றான். வேண்டாதன நீக்கலே செதுக்கல். புதிதாய் ஒன்றும் கூட்டப்படுவதில்லை. ஆணவ முதலிய மலங்கள் நீங்கச் சிவம் விளங்கும் என்னும் சித்தாந்தத்திற்கு இதனினும் அணித்தாய உவமை அரிது.

இம்முறை நெடுங்காலம் நிலைபெற்றது. பின்னர் மன்னரும் வள்ளல்களும் குன்ற, கூடங்களும் குன்றின. கி. பி. 1850-ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பார் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினர். 1884-ஆம் ஆண்டில் அங்குத் தலைமை ஏற்ற ஹாவெல் என்பார் இந்நாட்டுக் கைத்தொழில்களை மதித்து, மரச்சிற்பப் பயிற்சியை ஊக்கினர். எனினும் திருக்கோயிற் சிற்பத்தை ஆகமநெறி பிறழாது கற்பிப்பதற்கெனவே ஒரு நிலையம் 1957-ஆம் ஆண்டிலேதான் மாமல்லபுரத்தில் அமைந்தது. வைத்தியநாத ஸ்தபதியார் அதன் முதற்றலைவர். அவர் மைந்தர், பிள்ளையார்பட்டியிற் பிறந்த கணபதி ஸ்தபதியார் (1927–2011), அவர்க்குப்பின் பல்லாண்டு அதனை நடத்திக் கல்லூரியாய் வளர்த்தனர். கல், மரம், உலோகம், சுதை என்பவற்றில் அங்குப் பயிற்சி உண்டு. ஒற்றைக்கற்றளிகள் நிற்கும் ஊரிலேயே உளியோசை மீண்டும் எழுந்தது திருவருட் செயலே.

ஈண்டு ஒரு தடை நிகழும். வழிவழித் தச்சர்குடியிற் பிறவாதார்க்கு இக்கலை வருமோ, வரினும் உரியதாமோ என்பர் சிலர். அற்றன்று. மயமதம் தொழிலாளரை ஸ்தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வராகப் பகுத்து, நூல்பிடித்து அளக்கும் சூத்திரகிராகியைக் கூறுமிடத்து, அவன் ஸ்தபதியின் மகனாகவேனும் மாணவனாகவேனும் இருக்கலாம் என்றது. மகன் என்றதோடு அமையாது மாணவனையும் உடன் ஓதியமையின், வாயில் பண்டே திறந்திருந்தது என்க. குயவரும் வேடரும் வண்ணாரும் பரதவரும் நாயன்மார் வரிசையில் வீற்றிருக்கக் காணும் சைவர், பக்குவமே தகுதி என்பதை மறுத்தல் ஒல்லாது. ஆயினும் வழிவழி வந்த குடியினர் வறுமையிலும் இக்கலையை விடாது காத்தமையாலன்றோ இன்று கற்பிப்பதற்கு ஒன்று எஞ்சிற்று? அந்நன்றியை மறத்தலும் ஒல்லாது.

மற்றொரு தடை இதனினும் வலிது. பத்தாண்டும் பன்னீராண்டும் ஆசிரியனோடு உறைந்து பெற்றதனைக் கல்லூரியிற் சில ஆண்டுகளில் எங்ஙனம் பெறுதல் கூடும் என்பது அது. கூடாது என்பதே நேரிய விடை. கல்லூரி தருவது தொடக்கமும் விதியறிவும் ஆம். கைத்தேர்ச்சிக்கு அதன்பின்னும் ஒரு கூடத்தில், ஒரு தேர்ப்பணியில், முதியோர் ஒருவர் அருகிருந்து உழைத்தல் வேண்டும். அதற்குப் பணி வேண்டும். பணி தருவார் வேண்டும். குறை மாணவரிடத்து மட்டும் இல்லை. பணி தராத நம்மிடத்தும் உண்டு.

திருவாரூர் ஆழித்தேரின் வரலாறு இதற்குச் சான்றாம். அப்பர் சுவாமிகள் திருவாரூர்ப் பதிகத்துட் குறித்தருளிய பெருமையுடையது அத்தேர். அது 1948-ஆம் ஆண்டிற்குப் பின் ஓடாது நின்று, 1970-ஆம் ஆண்டிலேதான் மீண்டும் ஓடிற்று. தேர் நின்ற அவ்விருபத்திரண்டு ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த இளைஞர், தம் ஊரில் தேர் ஓடக் கண்டிலர். தேர் ஓடாத ஊரில் தேர்த்தச்சனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவழி மாணவன் இல்லை. மாணவன் இல்லாதவழி முதியோர் கையறிவு அவரோடே மறையும். பின்னர் ஒருநாள் தேர் ஓட வேண்டும் என எல்லாரும் விரும்பினும், பழுதுற்ற பாரையும் யாளியையும் மாற்றிச் செய்வார் யார்? அவ்வாழித்தேரின் வடிவைக் கல்லில் அமைத்துச் சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1976-ஆம் ஆண்டில் நிலைநிறுத்தினர். கல்தேர் காட்சிக்கு இனிது. ஆயினும் வீதியில் வருவது மரத்தேரே.

மனத்திற்கு ஆறுதலாவன சில உள. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் தச்சர்கள் வாகை, மா முதலிய மரங்களில், ஒரே கட்டையிலிருந்து திருவுருவங்களைச் செதுக்கி வருகின்றனர். அவ்வூர் மரச்சிற்பத்திற்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பிற ஊர்களிலும் தேர்ப்பட்டறைகள் உயிரோடு இருக்கின்றன. இவற்றுள் ஒன்றிற் புதிதாய்ச் சேர்ந்து, முற்றத்தில் அமர்ந்து உளி தீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனைக் காணுங்கால், அவனைக் கூலியாள் என எண்ணாது, சரியையிற் புகுந்த அடியவன் என எண்ணுதல் நம் கடன். திருக்கோயிற்கு வாகனமோ தேரோ புதுக்குவிக்கும் அன்பர்கள், விலையை மட்டும் கேளாது, அப்பணியில் எத்துணை மாணவர் உடனிருந்து கற்பர் என்பதனையும் கேட்பாராக. ஒரு தேர் நூறாண்டு ஓடும். அதனைச் செய்யக் கற்ற ஒரு மாணவனோ, தன் மாணவர் வழியே, அத்தேர் ஓய்ந்தபின்னும் பல தேர்களை ஓடச்செய்வான். அச்சு முறியாது அத்தேர்கள் செல்ல, மூத்த பிள்ளையார் முன்னின்று அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்