நெல் கணக்கும் நேரக் கணக்கும்: திருமுக்கூடல் ஆதுலர்சாலையை முன்வைத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளின் செயல்திறன் ஆய்வு

1. முன்னுரை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல். இவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்து (1063–1070) நெடுங்கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலைக்கு (மருத்துவமனைக்கு) ஒதுக்கிய நெல்லையும் காசையும் இனம் பிரித்துச் சொல்கிறது. இன்று பெருநகர அவசர சிகிச்சைப் பிரிவுகளை மதிப்பிடுவோர் பெரிதும் கடிகாரத்தையே நம்புகின்றனர். நேரக் கணக்கையும் படுக்கைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலன்றி மதிப்பீடு பிழைபடும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. கல்வெட்டு அளப்பவை

ஆதுலர்சாலை 15 நோயாளருக்கானது. ஆண்டுக்கு மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொணரும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். பணிப்பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கும் தண்ணீர் தருபவருக்கும் தலைக்கு 15 கலம். ஆக 8 பேருக்கு 240 கலம், 11 காசு. மருத்துவர் எத்தனை பேரைப் பார்த்தாலும் ஊதியம் மாறாது.

நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரியும் விளக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 45 நாழி எண்ணெய். 360 இரவுகளுக்குப் பகுத்தால் இரவுக்குச் சரியாக ஓர் ஆழாக்கு வருகிறது. இரவிலும் நோயாளியைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வெறும் அறிவுரையாக நில்லாமல் செலவுக் கணக்கில் ஏறியிருக்கிறது.

3. கல்வெட்டு அளக்காதவை

எத்தனை பேர் குணமடைந்தனர், எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பவை இதில் இல்லை. இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அங்கே வேதம் பயில்வோரும் கோயிற் பணியாளரும் அடங்கிய, எண்ணிக்கை தெரிந்த ஒரு கூட்டத்துக்கே மருத்துவம். பெருநகர அவசரப் பிரிவுக்கோ வருவோர் தொகை முன்கூட்டித் தெரியாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் இயலாது. எனவே பெருநகரில் நேரம் தவிர்க்க முடியாத அளவையாகிறது.

4. பெருநகரின் அளவைகள்

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கியது. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ 2021 டிசம்பரில் வந்தது. ‘தாய்’ எனப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம் பிரிக்கிறது.

இப்பிரிப்பு அளவீட்டுக்கும் இன்றியமையாதது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து தலைக்காயத்தோடு அனுப்பப்படுவோரை ஏற்கும் சென்னை மருத்துவமனையையும், காய்ச்சலையும் சிறுகாயத்தையும் மிகுதியாகப் பார்க்கும் மருத்துவமனையையும் ஒரே சராசரியால் ஒப்பிட்டால், கடினமான நோயாளிகளை ஏற்றது திறனற்றதாகத் தோன்றும். நிறவாரியாக ஒப்பிடுவதே நியாயம்.

5. நெரிசலின் கணக்கு

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசை விதி எளியது: சராசரியாக உள்ளே இருப்போர் தொகை, மணிக்கு வருவோர் தொகையையும் ஒருவர் தங்கும் நேரத்தையும் பெருக்கிய அளவு. மணிக்குப் பத்துப் பேர் வந்து மூன்று மணி நேரம் தங்கினால் சராசரியாக 30 படுக்கை வேண்டும். சிகிச்சை முடிந்தும் வார்டில் இடமின்றி மேலும் இரண்டு மணி நேரம் கிடந்தால் 50 வேண்டும். அவசரப் பிரிவின் மருத்துவர் வேகத்தில் குறையே இல்லாமலும் நெரிசல் உண்டாகிறது. தடை இருப்பது வார்டில்.

இதை மறந்த அளவீடு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. 98 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று அங்கு 2004-இல் இலக்கு வைத்தனர். காத்திருப்பு குறைந்தது, ஆனால் நான்காம் மணி முடியும் தறுவாயில் வெளியேற்றம் திடீரென உயர்வதையும் தரவுகள் காட்டின. சிலரைப் பொறுத்தவரை நோயின் தேவையைவிடக் கெடுவே முடிவைத் தீர்மானித்தது. 2010-இல் இலக்கு 95 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது.

6. முடிவுரை

அவசரப் பிரிவின் நேரத்தை மூன்று கூறாகப் பதிவது தகும்: வந்தது முதல் மருத்துவர் பார்ப்பது வரை, பார்த்தது முதல் முடிவெடுப்பது வரை, முடிவெடுத்தது முதல் வார்டுப் படுக்கை கிடைப்பது வரை. முதலிரண்டும் அவசரப் பிரிவின் பொறுப்பு. மூன்றாவதை மருத்துவமனை முழுமையின் கணக்கில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த முறைப்பணியில் இருந்த மருத்துவர், செவிலியர், காலிப் படுக்கை எண்ணிக்கையும் நிற்க வேண்டும். பணியையும் அதற்குரிய வளத்தையும் பிரிக்காமல் எழுதிய திருமுக்கூடல் முறை இங்கே பொருந்தும். இரவுப் பணிக்கு ஆள் தராமல் இரவுத் தாமதத்துக்கு விளக்கம் கேட்பது அளவீடு ஆகாது.