மாத்திரையின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுட்காலம் உண்டென்று படித்திருப்பீர்கள். நாம் விழுங்கும் மருந்துக்கும் அது உண்டு. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுட்காலம் யார் கையில் இருந்தாலும் மாறாது. மருந்தினுடையதோ விழுங்கியவரின் வயதுக்கேற்ப நீளக்கூடும். இதைக் கவனியாததால் பிரிட்டனில் நேர்ந்த துயரம் ஒன்றைப் பார்ப்போம்.

1980-இல் 'ஓப்ரென்' என்ற மூட்டுவலி மாத்திரை அங்கு விற்பனைக்கு வந்தது. பெனாக்ஸாப்ரோஃபென் என்பது அதிலிருந்த மருந்து. வழக்கமான அளவு நாளுக்கு 600 மில்லிகிராம். மூட்டுவலிக்காரர்களில் முதியவர்கள்தாமே அதிகம்! அவர்களுக்கும் அதே அளவுதான் கொடுக்கப்பட்டது.

இளம் வயதினரிடம் இதன் அரை ஆயுட்காலம் சுமார் 30 மணி. முதியவர்களிடம் அளந்தபோது சுமார் 100 மணி! ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 24 மணி கழித்து இளைஞர் உடலில் 57 விழுக்காடு எஞ்சும். முதியவர் உடலில் 85 விழுக்காடு. எஞ்சியதன்மேல் மறுநாள் மாத்திரை ஏறும். சில வாரங்களில் இளைஞரிடம் ஒருநாள் அளவைப்போல் 2.3 மடங்கு தேங்கும்; முதியவரிடம் 6.5 மடங்கு. குழாய் அதே வேகத்தில் கொட்டுகிறது. தொட்டியின் வடிகால்தான் தூர்ந்துவிட்டது.

1982-இல், இம்மருந்து உண்ட முதியவர்கள் சிலர் மஞ்சள் காமாலை கண்டு இறந்த செய்தி மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆகஸ்டில் விற்பனை நின்றது. அதற்குள் 60-க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருந்தன. தேக்கம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் முதியவர்களிடம் முன்கூட்டியே அளந்திருக்கலாமே என்ற கேள்வி நிற்கிறது.

வயதானால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும் என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-லேயே அதற்கொரு சூத்திரம் தந்திருந்தனர். 140-இலிருந்து வயதைக் கழித்து, கிலோகிராம் எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்களானால் வருவதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். விடை, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கிடைக்கும். கிரியேட்டினின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது தசையில் உண்டாவது. முதுமையில் தசையும் வற்றுவதால் இரத்தத்தில் அதன் அளவு ஏறாமலே இருக்கலாம்.

என் தந்தையாருக்கு வயது 78, எடை 54 கிலோ. ஆய்வுக்கூடத் தாளில் கிரியேட்டினின் 1.0, 'இயல்பு' என்றிருந்தது. சூத்திரப்படி 46.5 வந்தது. இதே எடையில் 28 வயதென்றால் 84 வந்திருக்கும். தாளை மருத்துவரிடம் காட்டினேன். அவரும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்து, ஒரு மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்.