தண்ணிக்குள்ள ஓடுற மோட்டாரும் தண்ணியில நனைஞ்ச காரும்

கோயமுத்தூரில் மழை என்றால் காருக்கு முதல் எதிரி ரயில்வே பாலத்தடிதானுங்க. லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பக்கம், அவிநாசி ரோடு மேம்பாலத்துக்குக் கீழே, சிவானந்தா காலனி... ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்தினா எல்லாம் குளம். 2024 அக்டோபர் மழையில் சிவானந்தா காலனி பாலத்தடியில் ஒரு தனியார் பஸ்ஸே மாட்டிக்கொண்டது. காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுத்த வாரம் வண்டிக்காரர்கள் ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நனைஞ்சதுக்கா இவ்வளவு?" என்று நிற்பார்கள்.

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகணும்.

1920ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலை ஆரம்பித்தார். பஸ் கம்பெனி வளர்ந்தது, கூடவே அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆட்களும் வளர்ந்தார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. 1937ல் அவரும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதைத்தான் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். அப்புறம் கிணத்துக்குக் கிணறு மோட்டார். மோட்டார் என்று ஒன்று இருந்தால் காயில் போகும், காயில் போனால் கட்டுறதுக்கு ஆள் வேணும். கொங்கு நாட்டில் காயில் கட்டும் கடை இல்லாத சின்ன ஊர்கூட அபூர்வம்.

அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கைகள்தான் காப்பு. அந்த வண்டிகளில் மின்சார சமாச்சாரம் எண்ணி ஏழெட்டு: பேட்டரி, டைனமோ, செல்ப் மோட்டார், இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், விளக்கு, ஹாரன், வைப்பர். (பாதிக்கு மேல் 1961ல் ஆரம்பித்த லூகாஸ் டிவிஎஸ் உபயம்.) தண்ணீர் தெறித்து வண்டி நின்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து, பாயிண்ட்டை உப்புத்தாளில் ரெண்டு தேய் தேய்த்தால் கிளம்பிவிடும். டைனமோ முழுகிப் போச்சா? காயில் கட்டி, வார்னிஷ் கொடுத்து, காயவைத்துத் தந்துவிடுவார்கள். செலவு கூலியும் செம்புக் கம்பியும்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் கார்புரேட்டர்தான், பெரிசா ஒண்ணும் மாறவில்லை. மாற்றம் 2000ல் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, அதை ஆட்டிவைக்க ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது சென்சார்கள் இன்னும் கூடிவிட்டன.

இதில் கொடுமை என்னவென்றால், ஏர்பேக் பெட்டி பெரும்பாலான கார்களில் முன்சீட்டுகளுக்கு நடுவே, தரையோடு தரையாக இருக்கிறது. சீட்டுக்கு அடியிலும் வயர். கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே போதும். பேட்டரி இணைப்பு இருக்கும்போதே நனைந்தால், சேற்றுத் தண்ணீர் வழியாகக் கரண்ட் கசிந்து பின்களை அரிக்கும். உடனே ஒன்றும் தெரியாது. மூணு வாரம் கழித்து, பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு கனெக்டருக்குள் பூத்திருக்கும். கண்ணாடி தானா இறங்கும், பூட்டு தானா திறக்கும், டாஷ்போர்டில் தீபாவளி :-) இதைத் தேடிப் பிடிக்கிற கூலிக்குப் பயந்தே 'வயரிங் செட்டையே மாத்திடலாங்க' என்பார்கள். பில் எகிறுவது அங்கேதான்.

இன்சூரன்ஸ் இருக்கே என்பீர்கள். 2015 டிசம்பரில் சென்னைக்காரர்கள் அதையும் படித்தார்கள். வெள்ளச் சேதம் முழு பாலிசியில் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பி, இன்ஜின் தண்ணீரை இழுத்து கனெக்டிங் ராடு வளைந்தால், "அது நீங்க ஸ்டார்ட் செஞ்சதால வந்த சேதம்" என்று கம்பெனி கையை விரிக்கும். தனியாக இன்ஜின் கவர் எடுத்திருந்தால்தான் தப்பிக்கலாம். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதம்; ஜீரோ டெப் இல்லாதவர்கள் பாதியைக் கையிலிருந்து போடணும். ரிப்பேர் செலவு காரின் ஐ.டி.வி. மதிப்பில் 75 சதத்தைத் தாண்டினால் வண்டியே 'டோட்டல் லாஸ்'. அப்படி ஏலத்துக்குப் போன வண்டிகள் துடைத்துப் பளபளப்பாக வேறு ஊர் சந்தைக்கு வருவதும் உண்டு. பழைய கார் பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்க, உள்ளே சேற்றுக் கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்க.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. இந்த ஊரில் செய்கிற சப்மெர்சிபிள் மோட்டார் ஆயிரம் அடி போருக்குள், வயிற்றிலேயே தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடுகிறது. அதன் காயிலுக்குத் தண்ணீர் புகாத உறை போட்ட கம்பி. அது போனாலும் மேலே இழுத்து, இங்கேயே கட்டி, மறுபடி இறக்கிவிடுகிறோம். பாலத்தடியில் நனைந்த காரின் பெட்டியைப் பிரிக்கவே வழியில்லை. உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள், புதுசு போட்டாலும் கம்பெனி சாப்ட்வேர் ஏற்றினால்தான் வண்டி கிளம்பும்.

ஆனாலும் நம்மாட்கள் விடுவதாயில்லை. சூடு காட்டி ரெசினைச் சுரண்டி, போர்டில் கருகின சில்லை மாற்றித் தரும் ஈ.சி.யூ. ரிப்பேர் கடைகள் இப்போது முளைத்திருக்கின்றன.