ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தம்

எபோலாவைக் கண்டுபிடித்தது யார்? இணையத்தில் தேடினால் நெடுங்காலம் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்கள்தான் வந்து விழுந்தன. அது பொய்யில்லை. ஆனால் அந்த வைரஸ் அவர்கள் மேசைக்குத் தானாக நடந்து போய்ச் சேரவில்லை.

1976 செப்டம்பர். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு அன்று ஸயீர் என்று பெயர். அதன் வடபகுதியில் யம்புக்கு என்ற சிற்றூர். அங்கே பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று பார்த்துவரத் தலைநகர் கின்ஷாஸாவிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜான்-ஜாக் முயெம்பே. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெல்ஜியத்தின் லூவேனில் வைரஸியல் படித்து முனைவர் பட்டம் வாங்கி ஊர் திரும்பியிருந்தவர்.

டைபாய்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். வெறுங்கையோடு நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தார். ஊசியை உருவினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டிய ரத்தம் நிற்கவே இல்லை. விரல்களில் வழிந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் பிழைத்ததற்கு அந்தச் சோப்பும் அதிர்ஷ்டமும்தான் காரணம். ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரியில் நோயைப் பரப்பியதே, சரியாகச் சுத்தம் செய்யாமல் ஆள் மாற்றி ஆள் போட்ட ஊசிகள். அந்த முறை நோய் கண்ட 318 பேரில் 280 பேர் இறந்தார்கள்.

காய்ச்சலில் விழுந்த ஒரு கன்னியாஸ்திரியை முயெம்பே தன்னோடு கின்ஷாஸாவுக்கு அழைத்துவந்தார். அவருடைய ரத்தம் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கில் விமானமேறி ஆன்ட்வெர்ப் போனது. பீட்டர் பியோட் இருந்த குழு அதைத் திறந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புழுபோல நெளிந்த ஒரு வடிவம் தெரிந்தது. இது புது வைரஸ் என்பதை அட்லாண்டா ஆய்வகம் உறுதி செய்தது. ஊர்ப் பெயரை வைத்தால் அந்த ஊருக்குக் காலத்துக்கும் அவப்பெயர் என்று ஓர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். ஊரைக் காப்பாற்ற யோசித்தவர்களின் வரலாற்றில், அந்த ஊருக்குப் போய் ரத்தம் எடுத்தவர் அடிக்குறிப்பாகிப் போனார்.

1995இல் கிக்விட் நகரில் எபோலா மறுபடி வந்தது. பிழைத்தவர்களின் ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று முயெம்பேயும் சகாக்களும் யோசித்தார்கள். அந்த ரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ரத்தம் ஏற்றாத இன்னொரு குழு இல்லையே என்றது அறிவியல் உலகம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கிடைக்க இருபது வருடங்களுக்கு மேல் ஆனது.

கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 2018இல் கிழக்குக் காங்கோவில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, அதைச் சோதித்தார்கள். இந்த முறை ஒப்பீட்டுக் குழுக்களும் இருந்தன. பழைய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள். இதைப் பெற்றவர்களில் 35 சதவீதம். உடலில் வைரஸ் பெருகுவதற்கு முன்பே வந்துசேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைத்தார்கள்.

அப்போது முயெம்பே கின்ஷாஸாவின் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைவர். காங்கோவில் எடுக்கும் ரத்தம் இனி காங்கோவிலேயே ஆராயப்படும் என்று அவர் முடிவெடுத்தார். அதற்கான புதிய ஆய்வகம் ஜப்பான் உதவியோடு எழுந்தது. தெர்மாஸ் பிளாஸ்க்குக்கு அவர் சொன்ன பதில் அது.

2020 டிசம்பரில் அமெரிக்கா அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அப்போது அதன் உரிமம் இருந்தது மியாமியில் உள்ள ஒரு நிறுவனத்திடம். மருந்துக்கு மூலம், கிக்விட்டில் செத்துப் பிழைத்த ஒருவரின் ரத்தம்.