சும்மா சயன்ஸும் யாழ்ப்பாணக் கிணறுகளும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த பின்னர் ஊரிலிருந்து உறவுக்காரத் தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை. "டொக்டருக்குக் கிடைக்கேல்லைத் தம்பி, சும்மா சயன்ஸ்தான். அதுவும் நாலு வருசம் இருந்து ஸ்பெஷல் செய்யப்போறன் எண்டு நிக்கிறாள்" என்றார். அந்தச் "சும்மா" என்ற சொல் சில நாட்களாக என் மனதைவிட்டு அகலவில்லை. நான் கலைப்பீடத்தில் படித்தவன். விஞ்ஞானம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதை ஒரு பத்திரிகைக்காரன் சொல்லலாம் என நினைக்கிறேன்.

இலங்கையின் விஞ்ஞான பீடங்களில் நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்து வருகின்றன. மூன்று ஆண்டுகளில் பொதுப் பட்டம் பெற்று வெளியேறுவது ஒரு வழி. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் ஒரே துறையில் நான்காவது ஆண்டும் தங்கி, சொந்தமாக ஓர் ஆய்வும் செய்து சிறப்பு விஞ்ஞானமாணி ஆவது மற்றையது. அண்மைக் காலமாக இதைக் கௌரவப் பட்டம் என்கிறார்கள். எங்கள் வாயில் அது இன்னும் ஸ்பெஷல் டிகிரிதான்.

1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதற்குத் தன் பெயரில் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கே தோற்றினார்கள். பாடத்திட்டமும் இலண்டனுடையது, பட்டமும் இலண்டனுடையது. இத்தகைய ஏற்பாட்டில் நன்றாகப் படிப்பது என்பது நன்றாக விடையெழுதுவதுதான். தெமட்டகொடைக் கால்வாயில் என்ன பாசி வளர்கிறது என்று ஒரு மாணவன் கேட்டால், அதற்கு இலண்டனில் எவரும் புள்ளி வழங்கப்போவதில்லை. ஆராய்ச்சி செய்ய விரும்பியவர் கப்பல் ஏற வேண்டியிருந்தது.

அப்படிக் கப்பல் ஏறியவர்களுள் ஒருவர் சி. ஜே. எலியேசர். 1918 இல் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் மாணவர். கொழும்பில் படித்து முடித்து, கேம்பிரிட்ஜில் டிராக்கின் கீழ் ஆய்வு செய்தார். நேர்மின்னேற்றம் ஒன்றை நோக்கி நேராக விழும் இலத்திரன், கதிர்வீச்சின் எதிர்விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதைச் சென்று தொடாது என்ற வியப்பான முடிவை 1943 இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1959 இல் மலாயாவுக்கும் 1968 இல் மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 2001 இல் அவர் மறைந்தபோது எங்களவர்களில் பலர் அவரைப் புலம்பெயர் தமிழர் அமைப்புகளின் தலைவராகவே நினைவுகூர்ந்தனர். அந்த இலத்திரனைப் பற்றி அன்று நானும் ஒரு வரி எழுதவில்லை.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதும் நிலைமை மாறியது. பரீட்சையும் பட்டமும் எங்கள் கைக்கு வந்தன. முதலாண்டு முடிவில் நடைபெறும் ஜீ.எஸ்.கியூ. பரீட்சையில் சிறந்து விளங்கியவர்களைத் துறைகள் பொறுக்கி எடுத்துக்கொண்டன. 1961 இல் பேராதனையிலும் விஞ்ஞான பீடம் தொடங்கியது. வகுப்புக்கு ஐந்து பேர், எட்டுப் பேர் என்று இருந்த அந்தச் சிறப்புப் பட்ட மாணவர்களில் தமிழர் தொகை கணிசமானது. காரணம் பெரிய மர்மமல்ல. யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிலும் இந்துப் பாடசாலைகளிலும் நல்ல ஆய்வுகூடங்களும் அவற்றைவிட நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள்.

தரப்படுத்தலின் கதை வாசகர்கள் அறிந்ததே. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டன. பொறியியலுக்கு 250 உம் 227 உம். இந்த இலக்கங்கள் ஆயிரம் மேடைகளில் முழங்கியவை. ஆனால் அதே பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு: பௌதிக விஞ்ஞானத்துக்கு 204 உம் 183 உம். இந்த வரியை மேடையில் எவரும் முழங்கி நான் கேட்டதில்லை. அநீதி ஒன்றுதான், எமது கோபம் மட்டும் டாக்டருக்கும் எஞ்சினியருக்குமாகவே இருந்தது. அந்த "சும்மா" அன்றே எங்களிடம் இருந்திருக்கிறது.

1974 ஒக்ரோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நீண்டகாலம் கேட்டுவந்த தமிழரசுக் கட்சியினர் இதை எதிர்த்தார்கள். கைலாசபதி வளாகத் தலைவரானார். கலைப்பகுதி திருநெல்வேலியில், இராமநாதன் அமைத்த பரமேஸ்வராக் கல்லூரியில் அமைந்தது. விஞ்ஞானப் பகுதி முதலில் சென்றது வட்டுக்கோட்டைக்கு, யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்துக்கு. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினறி அமைத்துக் கணிதமும் வானியலும் கற்பித்த ஊர் அதுவே. கணிதப் பேராசிரியர் பொ. கனகசபாபதி முதல் பீடாதிபதியாக இருந்தார். பின்னர் பீடம் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது.

சிறியதொரு புதிய பீடத்தில், கொழும்பின் கருவிகளோ கேம்பிரிட்ஜின் நூலகமோ இல்லாமல், என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்? வீட்டுக்கு வீடு கேள்வி கிடந்தது, கிணற்றில். குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. அதையே குடிக்கிறோம், அதையே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். வலிகாமத்துச் செம்மண்ணில் போடும் யூரியாவும் வீட்டுக் கோடியில் உள்ள மலகூடக் குழியின் கழிவும் அதே நீரில்தான் போய்ச் சேருகின்றன. நைத்திரேற்றின் அளவு ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகள். 1980களின் தொடக்கத்திலேயே எமது பல்கலைக்கழக இரசாயனவியலாளர்கள் இதை அளந்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் கலைப்பீடத்தில் இருந்தபோது, என் அறைத்தோழன் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் செய்துகொண்டிருந்தான். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. பொருளாதாரத் தடையால் யூரியாவும் வருவதில்லை. எல்லோரும் இதைத் துயரமாகப் பார்த்தபோது, அவன் மட்டும் ஒருநாள் இரவு எழுந்திருந்து, "மச்சான், உரம் வராட்டி கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று குறையவேணுமெல்லோ?" என்று கேட்டான். எனக்கு நித்திரை தூக்கம். ஆனால் அவன் அடுத்த கிழமையே சைக்கிளில் புறப்பட்டுவிட்டான்.

கோண்டாவில், இணுவில், உரும்பிராய் என்று கிணறு கிணறாகச் சென்று, அவித்துக் கழுவிய மருந்துப் போத்தல்களில் தண்ணீர் சேர்த்தான். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், கிணற்றின் ஆழம், பக்கத்துத் தோட்டத்தில் என்ன பயிர் என்று எழுதி ஒட்டினான். குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆகவே எடுத்த தண்ணீரை அன்றன்றே அளக்க வேண்டும். அளக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். ஜெனரேற்றர் இயங்கும் நேரமோ மண்ணெண்ணெயைப் பொறுத்தது. சில நாட்களில் போத்தல்களுடன் பீடத்து வாசலில் நின்றுவிட்டு, அவற்றை ஊற்றிக் கொட்டிவிட்டு வருவான். மறுநாள் மறுபடியும் கோண்டாவிலிலிருந்து தொடங்குவான். ஒரு மாலை நான் சலித்துப்போய், அண்ணளவாக ஓர் இலக்கத்தை எழுதிவிடேன் என்றேன். அன்றிரவு அவன் என்னோடு பேசவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. செம்மணி வெளியில் மழையும் சனமும். அவனுடைய பதிவுப் புத்தகம் பொலித்தீன் பையில் சுற்றி அவன் வயிற்றோடு கட்டப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அறையின் கூரை ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. மேசைக்குக் கீழே போத்தல்கள் உடையாமல் இருந்தன. ஒட்டியிருந்த தாள்களை மட்டும் கறையான் தின்றிருந்தது. எந்தப் போத்தல் எந்த ஊர் என்று சொல்ல வழியில்லை. ஆய்வின் அளவைச் சுருக்கி, கையிலிருந்த இலக்கங்களை மட்டும் வைத்து எழுதிக் கொடுத்துப் பட்டம் பெற்றான். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா என்றேன். "இல்லை. காணாது" என்றான். அவ்வளவுதான். பின்னர் அவன் கனடாவுக்குப் போய்விட்டான்.

2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி பெரிதாக எழுந்தபோது நானும் அங்கு சென்றேன். கப்பியும் வாளியும் காய்ந்து கிடக்க, பவுசருக்காகச் சனம் குடங்களுடன் நின்றது. ஒருவர் குடிக்கலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார். மேடைகள் போடப்பட்டன. ஒரு வயோதிபப் பெண் கலங்கிய தண்ணீர் நிறைந்த போத்தலை என் கையில் திணித்து, "தம்பி, பேப்பர்க்காரர்தானே, இதைக் குடிக்கலாமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அன்றிரவு கனடாவில் உள்ள நண்பனை அழைத்து விபரத்தைச் சொன்னேன். அவன் அனுதாபம் எதுவும் தெரிவிக்கவில்லை. கிணறு எத்தனை அடி ஆழம், எத்தனை மணிக்கு அள்ளியது, மேலிருந்தா அடியிலிருந்தா, முன்பு அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று வரிசையாகக் கேட்டான். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. "அப்ப திரும்பப் போய் எடு" என்றான்.