உலையில் இருக்கும் பானை: குடக்கூலி, ஜப்தி, சட்டம்

1

மதுரையில் நாங்கள் குடியிருந்தது ஒரு காம்பவுண்டு வீடு. ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, ஒரு கக்கூஸ். எனக்குப் பத்து வயதிருக்கும், 2000-ஆம் ஆண்டுவாக்கில். கடைசி வீட்டு அக்கா மூன்று மாத வாடகை பாக்கி. ஒருநாள் காலையில் வீட்டுக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து சாமான்களைத் தூக்கி வெளியே வைக்க ஆரம்பித்தார்கள். கட்டில், தகர டிரங்குப் பெட்டி, பாய், சாமி படம். அக்கா கத்தவில்லை. 'அண்ணே, அந்தக் குண்டானை மட்டும் விட்டுருங்கண்ணே, உலை வச்சிருக்கேன்' என்றார். வந்தவன் துணியைப் பிடித்துக் குண்டானை இறக்கி, வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றி, அதையும் கொண்டுபோய் வாசலில் கவிழ்த்து வைத்தான். தையல் மிஷின் மட்டும் வாசலுக்கு வரவில்லை. பாக்கிக்கு ஈடு என்று அது வீட்டுக்காரர் வீட்டுக்குப் போயிற்று. பிறகு பழைய சாமான் கடையில் விலை போனதாகக் கேள்வி. அப்பா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்தார். 'இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க' என்று அனுப்பிவிட்டார்கள்.

குடியிருப்பு உரிமை பற்றி இங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் வீட்டைப் பற்றியவை. நியாய வாடகை, காலி செய்யும் உத்தரவு, பட்டா, கூரை. வீட்டுக்குள் இருந்த சாமான்கள் என்னவாயின என்ற கேள்வி வரலாற்றில் பதிவாவதில்லை. சட்டி பானை யாருக்கு வரலாறு? ஆனால் சட்டத்தை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்தால், அந்தச் சட்டி பானையைப் பற்றி அது நிறையவே பேசியிருப்பது தெரிகிறது. அக்காவிடமிருந்து கொட்டப்பட்ட உலையும் எடுத்துப்போகப்பட்ட மிஷினும், நீதிமன்றமே நினைத்தாலும் கைவைக்க முடியாத பொருள்கள். இதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது.

2

கடன்பட்டவனின் சாமானை எடுக்கும் அதிகாரம் காலனியாட்சியில் முதலில் நிலத்தோடு சேர்ந்து வந்தது. 1802-இல் சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் புகுந்தபோது, அதனுடனேயே அந்த ஆண்டின் 28-ஆவது ரெகுலேஷனும் வந்தது. குத்தகை பாக்கிக்காகக் குடியானவனின் விளைச்சலையும் உடைமைகளையும் ஜப்தி செய்யும் அதிகாரம் ஜமீன்தார்களுக்குக் கிடைத்தது. கிஸ்தியை அரசுக்கு நாள் தவறாமல் கட்ட வேண்டியவர் ஜமீன்தார். ஆகவே குடியானவனைப் பிழியும் கருவியை அரசே அவர் கையில் கொடுத்தது. கடன் கொடுத்தவரே கடனைத் தீர்மானிப்பவர், அவரே வசூலிப்பவர். 1865-இன் குத்தகை வசூல் சட்டமும் 1908-இன் எஸ்டேட் நிலச் சட்டமும் இந்த அதிகாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வரம்பு கட்டின.

நகரத்துக் கதை வேறு. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்குமான 1882-ஆம் ஆண்டின் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டத்தில் எட்டாவது அத்தியாயம் முழுக்க வாடகை பாக்கிக்கான ஜப்தியைப் பற்றியது. வீட்டுக்காரர் தானே போய்ச் சாமானை எடுக்க முடியாது. கோர்ட்டில் பிரமாணம் செய்து வாரண்டு வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட பாக்கிக்கு இந்த வழியே கிடையாது. அமீனா சூரியன் உதித்த பிறகு, அஸ்தமிப்பதற்கு முன்னால்தான் ஜப்தி செய்யலாம். எடுத்த சாமான்களுக்குப் பட்டியல் எழுதி, எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சில பொருள்களைத் தொடவே கூடாது. அந்த நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் பொருள். உடுத்த அவசியமான துணிமணி. பாக்கிக்கு ஈடாக வேறு சாமான் இருக்கும்போது தொழில் கருவிகள்.

இந்த வாசகத்தை நின்று வாசிக்க வேண்டும். அடுப்பில் உலையாக இருக்கும் பானை பயன்பாட்டில் இருக்கிறது. அது தப்பும் என்று வாதாடலாம். கவிழ்த்து வைத்த பானை? அரிசி இருக்கிறவன் வீட்டில்தான் உலை கொதிக்கும். அன்றைக்கு அரிசி இல்லாதவன் வீட்டுப் பானை 'பயன்பாட்டில் இல்லாத' பானை. அமீனா தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கருணை எங்கே முடிகிறது என்பதை ஒரு பானை காட்டிவிடுகிறது.

1908-இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. அதன் 60-ஆவது பிரிவு, எந்தக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றும்போதும் ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. கடனாளி, மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் அவசியமான துணிமணிகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. நம் ஊரில் தாலி. கைவினைஞரின் கருவிகள். உழவர் என்றால் ஏர், மாடு, விதை நெல். 62-ஆவது பிரிவு, பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கோர்ட்டு ஆள் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது. 1882-இன் சட்டம் மதுரைக்குச் செல்லாது. 1908-இன் சட்டம் மதுரைக்கும் செல்லும், இன்றைக்கும் செல்லும்.

இந்தப் பட்டியலை ஒரு வகையில் இனவரைவியல் ஆவணமாகவும் வாசிக்கலாம். ஒரு குடும்பம் குடும்பமாக இருக்க ஆகக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று காலனிய அரசு போட்ட கணக்கு அது. சமைக்க ஒன்று, படுக்க ஒன்று, உடுத்த ஒன்று, பிழைக்க ஒன்று. இந்த நாலைத் தொட அரசுக்கே அதிகாரம் இல்லை. அரசுக்கு இல்லாத அதிகாரம் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

3

வரவில்லை. சட்டத்தில் அது எங்கேயும் இல்லை.

1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் 9-ஆவது பிரிவில் ஒன்றைச் சொன்னது. சட்ட வழியன்றித் தன் அனுபோகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எவரும் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தை மீட்கலாம். சொத்து யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. அங்கே இருந்தாயா, உன் சம்மதமில்லாமல் வெளியேற்றப்பட்டாயா, இவ்வளவுதான் கேள்வி. 1963-இன் புதிய சட்டத்தில் இது 6-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: அரசாங்கத்தின் மேல் இந்த வழக்கைப் போட முடியாது. அடுத்தவன் முரட்டுத்தனத்துக்குத் தடை போட்ட அரசு தன் கையை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டது.

1924-இல் மிட்னாப்பூர் ஜமீன்தாரி கம்பெனி வழக்கில் பிரிவி கவுன்சில், இந்தியாவில் ஒருவருக்கு இடத்தின்மேல் உரிமையே இருந்தாலும் பலாத்காரமாக அதைக் கைப்பற்ற அனுமதி இல்லை, கோர்ட்டு மூலமாகத்தான் பெற வேண்டும் என்றது. 1968-இல் குவாலியர்ப் பகுதியிலிருந்து வந்த லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், குத்தகைக் காலம் முடிந்துவிட்டாலும் நில உரிமையாளர் தானே புகுந்து வெளியேற்ற முடியாது என்று உறுதி செய்தது. 1989-இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கிலும் இதே நிலைதான்.

இது வீட்டுக்கு. சாமானுக்கு? 1860-இன் தண்டனைச் சட்டம் திருட்டை வரையறுக்கும்போது 'சொந்தக்காரரிடமிருந்து' என்று சொல்லவில்லை. 'ஒருவரின் அனுபோகத்திலிருந்து, அவர் சம்மதமின்றி' என்றது. 1895-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கடனை வசூலிக்கும் நெருக்கடியாகக் கடனாளியின் பொருளை அவர் சம்மதமின்றி எடுத்துப் போகும் கடன்காரர் செய்வது திருட்டுதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டின் வரையறை மாறவில்லை.

அக்காவின் தையல் மிஷின் 'சிவில் மேட்டர்' அல்ல. அந்த ஸ்டேஷனில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கிரிமினல் மேட்டராகிவிட்டது.

4

இவ்வளவு சட்டமும் இருந்து, ஏன் அந்த மிஷின் திரும்பவில்லை? சோம்பேறித்தனமான பதில்: 'ஏழைக்குச் சட்டம் தெரியாது.' வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. இங்கே ஒவ்வொரு சட்டமும் முதலில் யார் 'குடித்தனக்காரர்' என்று தீர்மானித்துவிட்டுத்தான் உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது.

தஞ்சாவூரைப் பார்ப்போம். பண்ணையாளின் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. வாடகை கிடையாது, உழைப்பே வாடகை. கூலி கூடக் கேட்டால், சங்கத்தில் சேர்ந்தால், மனையைக் காலி பண்ணு என்பதுதான் தண்டனை. 1952-இன் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை வேலையைவிட்டு நீக்குவதற்குத் தடை போட்டது. குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் 1961-இல்தான் வந்தது. குடியிருந்தவருக்கே மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971-இல். இந்த இரண்டுக்கும் நடுவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த நெருப்புக்கும் 1971-இன் சட்டத்துக்கும் இடையே நேர்க்கோடு இழுக்க நான் துணியமாட்டேன். ஆனால் கூலிப் போராட்டத்தில் கூரையும் மனையும் எப்போதும் ஆயுதமாக இருந்தன என்பதை மறந்துவிட்டு அந்தச் சட்டத்தை வாசிக்க முடியாது.

நகரத்தில், இரண்டாம் உலகப் போரின் இட நெருக்கடியில் 1941-இல் சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று சட்டங்கள். 1960-இன் 18-ஆவது சட்டத்தின் 10-ஆவது பிரிவு, அந்தச் சட்டம் சொல்லும் வழியிலன்றி யாரையும் காலி செய்விக்க முடியாது என்றது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வீட்டுக்காரர்களின் சலிப்பு குறுக்கு வழி தேடியது. தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது. 17-ஆவது பிரிவு இந்த வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பதற்குச் சட்டமே சாட்சி.

அந்தச் சட்டம் இன்று இல்லை. 2017-இன் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்பது இதிலும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பழைய வாய்மொழிக் குடித்தனங்களையும் எழுத்தாக்கச் சொன்னது. எழுத்தாக்கத் தவறியதே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாக 21-ஆவது பிரிவில் இடம்பெற்றது. இருபது வருஷம் வாய்ச்சொல்லில் குடியிருந்தவரிடம் காகிதம் எங்கே என்கிறது சட்டம். காகிதம் போட மறுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் என்பது காம்பவுண்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். சாதி கேட்டு, மதம் கேட்டு, 'உங்களுக்கு வீடு இல்லீங்க' என்று அனுப்பப்பட்டு, கடைசியில் எதுவும் கேட்காத ஒரு வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தவர், பத்திரம் போடுங்கள் என்று கேட்கும் இடத்திலா இருக்கிறார்?

தமிழில் குடி என்ற ஒரு சொல்லிலிருந்துதான் குடித்தனமும் குடக்கூலியும் குடியானவனும் குடியுரிமையும் வந்தன. குடியுரிமை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்கப்படுகிறது.

5

இங்கேதான் பழைய ஆறாவது பிரிவு மறுபடி முக்கியமாகிறது. அதற்கு வாடகைப் பத்திரம் வேண்டாம். இருந்ததற்குச் சான்று போதும். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிக்கூட முகவரி, பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சொல். இன்னொரு சான்றும் உண்டு: சாமான்கள். கட்டில், பாய், உலை, மிஷின் எல்லாம் 'இவர் இங்கே வாழ்ந்தார்' என்று சொல்லும் சாட்சிகள். ஆட்கள் வந்தவுடன் முதலில் அதைத் தூக்கி வீதியில் எறிவது ஏன் என்பதையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வீட்டைக் காலி செய்வதும் சாட்சியைக் கலைப்பதும் ஒரே வேலை.

கோர்ட்டு அமீனா வந்தால் பட்டியல் எழுதியாக வேண்டும். வீட்டுக்காரரின் ஆட்கள் எழுதுவதில்லை. ஆகவே அந்தப் பட்டியலை எழுத வேண்டியவர்கள் நாம்: பக்கத்து வீட்டார், சங்கத்துக்காரர்கள், தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். என்ன எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, யார் யார், எந்த வண்டியில் ஏற்றினார்கள். வீட்டுக்கு ஒரு மனு, சாமானுக்கு ஒரு புகார். 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பினால், புகாரை எழுத்தில் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வது.

கடைசி வீட்டு அக்கா அன்று மாலையே தள்ளுவண்டி ஒன்றில் மிச்சச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். குண்டான் கட்டிலின் மேல் இருந்தது. அவருக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்தக் காம்பவுண்டில் இரண்டு வாத்தியார்கள் குடியிருந்தோம். ஒருவர் என் அப்பா. யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.