கொல்லிப்பாவையும் தலைவெட்டி முனியப்பனும்

கொல்லிமலைப் பாவையைத் தெய்வமே 'எழுதியது' என்கிறது பரணரின் குறுந்தொகைப் பாட்டு. தமிழில் ஓவியமும் எழுதுவதுதான். காற்று மோதட்டும், இடி விழட்டும், நிலமே அதிரட்டும், அந்தப் பாவையின் வடிவு குலையாது என்கிறது நற்றிணை. இன்று மலையேறுபவர்கள் எட்டுக்கை அம்மனைக் கும்பிட்டு, கொல்லிப்பாவை இவள்தான் என்கிறார்கள்.

கீழே சமவெளியில் இன்னொரு திருவுருவம் அப்படிக் குலையாமல் தப்பவில்லை. அதன் கழுத்தே போனது.

1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலம் நகரில், கோட்டை ரோட்டில், தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. முனியப்பன் என்றால் முறுக்கு மீசையும் கையில் அரிவாளும்தான் நம் கண்ணில் நிற்கும். இவரோ தாமரைப் பீடத்தில் கால் மடித்து, மடியில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து அமர்ந்திருக்கிறார். சுருள் முடி, உச்சியில் புடைப்பு, நீண்ட காது. துண்டான தலையை யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முகம் சரியாகப் பொருந்தவில்லை.

இந்த அடையாளங்கள் சிற்பிக்கு மட்டும் உரியவை அல்ல. அஜந்தாவில் சுவரில் வண்ணம் தீட்டியவர்களும் இதே இலக்கணத்தில்தான் புத்தரை எழுதினார்கள். மடியில் கை சேர்ந்தால் தியானம். விரல் தரையைத் தொட்டால் ஞானம் பெற்ற நேரம். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய மொழி அது. இலங்கையில் புத்தர் உருவத்துக்குக் கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள். அப்போதும் ஓவியர் நேருக்கு நேர் பார்ப்பதில்லை; கண்ணாடியில் பார்த்துத்தான் தீட்டுவார். சேலத்துச் சிலையில் முகம் சிதைந்தும், மடியில் சேர்ந்த கைகள் அது யார் என்பதைச் சொல்லிவிட்டன.

இது புத்தர் சிலைதான் என்ற வழக்கு 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொல்லியல் துறை ஆராய்ந்து, இது புத்தரே என்று அறிக்கை தந்தது. இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பூசை கூடாது என 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் முனியப்பன் என்று நம்பி விளக்கேற்றியவர்களும் நன்றிக்கு உரியவர்கள். கேட்பாரற்றுக் கிடந்திருந்தால் அந்தக் கல் எந்த வீட்டுக்குப் படியாகப் போயிருக்குமோ! தலை வெட்டுப்பட்ட சேதியையும் பெயரிலேயே காத்து வைத்தவர்கள் அவர்கள்.

ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர்கள் இருவர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஊர்க்காரர்கள் புத்தர் என்றே சொல்லிக் கும்பிடுகிறார்கள்.